கிதாமுரா அவர்களை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டாம்

அனுப்புபவர்:
க. சச்சிதானந்தன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
அறை 214, ஓடைக்கரை முதியோர் பராமரிப்பு இல்லம்,
வோபர்ன், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பெறுபவர்:
விசாரணை அதிகாரி,
முதியோர் இல்ல முறைப்பாட்டுப் பிரிவு,
ரொறன்ரோ.

விடயம்: திரு. கிதாமுராவைப் பூட்டிய பிரிவுக்கு மாற்றும் முடிவை நிறுத்திவைத்து, நடந்த தாக்குதலை மீள விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பித்து வாசிப்பீர்கள் என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள். என் ஆங்கிலம் மோசமில்லை. ஆனால் பயம் வந்தால் அது முதலில் என்னைவிட்டுப் போய்விடும். தங்கள் நேரம் வீணாகாதபடி உள்ளடக்கத்தை முதலில் தருகிறேன்.

1. நாங்கள் மூவரும் யார்
2. நடந்த தாக்குதல்கள்
3. குடும்பக் கூட்டமும் அதன் முடிவும்
4. ஜப்பானைப் பற்றி ஒரு குறிப்பு (தேவையற்றது என்று தோன்றினால் தாண்டிச் செல்லலாம்)
5. வேண்டுகோள்

1. எனக்கு எண்பத்தொரு வயது. சாப்பாட்டு மண்டபத்தில் நானும் திரு. கிதாமுராவும் திரு. றெமிஜியசும் ஒரே மேசை. கிதாமுரா ஜப்பானிலிருந்து இளம் வயதில் இந்நகருக்கு வந்து கமரா திருத்தும் வேலை செய்தவர். மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. றெமிஜியஸ் மன்னாரில் கடற்றொழில் செய்தவர். முன்பு தேவாலயத்தில் எவரைக் கண்டாலும் வீட்டுக்குச் சாப்பிட அழைப்பார். இப்போது மறதிநோய். காலமான மனைவி ஜோசப்பின் இன்னும் வருவார் என்று பக்கத்துக் கதிரையை அவருக்காக வைத்திருக்கிறார். அதில் வேறெவர் இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அவர் கெட்ட மனிதர் என்று இம்மனுவில் எங்கும் நான் சொல்லவில்லை.

2. (அ) தை மாதம் அடுத்த மேசை இராஜேஸ்வரி அம்மா தெரியாமல் அந்தக் கதிரையில் இருந்துவிட்டார். றெமிஜியஸ் தேநீர்க் கோப்பையால் அவர் வாயில் ஓங்கி அடித்தார். முன்பற்கள் இரண்டு கஞ்சிக்குள் விழுந்தன. அவர் வழுக்கி விழுந்ததாக இல்லப் பதிவு சொல்கிறது.

(ஆ) மாசி மாதம், பராமரிப்பாளர் நதீஷா றெமிஜியசை அந்தக் கதிரையிலிருந்து விலக்க முயன்றபோது, றெமிஜியஸ் அப்பெண்ணின் முன்கையைக் கடித்தார். கடித்த வாயைத் திறக்கவில்லை. மற்றவர்கள் வந்து தாடையைப் பிரித்தபோது சதை கிழிந்து தொங்கியது. அப்பெண் பின்னர் வேலைக்கு வரவில்லை. அவர் இடத்துக்கு வேறெவரையும் எடுக்கவுமில்லை.

(இ) மார்ச் 12, புதன்கிழமை மதியம். மண்டபம் முழுவதற்கும் ஒரு பராமரிப்பாளர். அவர் அவசரத்தில் கிதாமுராவை அந்தக் கதிரையில் இருத்திவிட்டு அடுத்த மேசைக்குச் சோறூட்டப் போய்விட்டார். றெமிஜியஸ் சூடான சூப்பை எடுத்து கிதாமுராவின் முகத்தில் ஊற்றினார். நான், “அண்ணை, விடுங்கோ” என்றேன். அதையும் உரக்கச் சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார். இரு கைகளாலும் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தார். அவை ஆயுள் முழுவதும் வலை இழுத்த கைகள். என் பின்தலை சுவரில் திரும்பத் திரும்ப மோதியது. தொண்டைக்குள் ஏதோ நொருங்குவது எனக்கே கேட்டது. என்னை அறியாமல் சிறுநீர் போயிற்று. இது விசாரணைக்குத் தேவையா என்று தெரியவில்லை, இருந்தும் சேர்க்கிறேன். அவ்வேளையில் கிதாமுரா ஊன்றி நடக்கும் வோக்கர் கைதவறி றெமிஜியசின் தோள்மீது விழுந்தது. அவருடைய காறை எலும்பு முறிந்தது.

இல்லத்தின் அறிக்கையில், கிதாமுரா காரணமின்றி வோக்கரால் தாக்கினார் என்றிருக்கிறது. என் கழுத்தைப் பற்றி “சிறு தள்ளுமுள்ளு” என்று ஒரு சொல். பத்து விரல்களின் அடையாளங்களும் இன்னும் இருக்கின்றன. தாங்கள் நேரில் வந்தால் காட்டுவேன்.

3. கடந்த வெள்ளிக்கிழமை குடும்பக் கூட்டம் நடந்தது. றெமிஜியசின் பக்கம் பிள்ளைகள் நால்வர், ஒரு மருமகள், சட்டம் படிக்கும் ஒரு பேரன். கிதாமுராவின் பக்கம் ஒருவருமில்லை. நான் அவருக்காகப் பேசலாமா என்று முகாமையாளரிடம் கேட்டேன். நான் உறவினர் அல்லாததால் முடியாது என்றார். கதவுக்கு வெளியே நின்றேன். எதிர்வரும் வெள்ளிக்கிழமை கிதாமுராவை வடக்கே, இரண்டு மணித்தியாலத் தொலைவிலுள்ள ஓர் இல்லத்தின் பூட்டிய பிரிவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தார்கள். மறுத்துப் பேச ஆளில்லாததால் கூட்டம் விரைவாக முடிந்தது.

பின்னர் மூத்த மகன் றோய் என் அறைக்கு வந்தார். அதை மிரட்டல் என்று சொல்ல முடியாது, தோடம்பழம் கொண்டுவந்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: “அங்கிள், அப்பாவுக்கு நாங்கள் நாலு பேர் இருக்கிறம். உந்த ஜப்பான்காரனுக்குக் கேட்டு வர ஆர் இருக்கினம்? நீங்கள் ஏன் உதுக்குள்ள தலையை விடுறியள்? உங்கட கழுத்து சுகமாயிடும்தானே.” நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் இம்மனுவை எழுதக் கடதாசி எடுத்தேன்.

4. நான் வகுப்பில் ஜப்பானின் சனத்தொகைக் கூம்பகத்தைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். பிறப்பு குறையக் குறைய அடி ஒடுங்கும், தலை பருக்கும். அதைத் தாங்குவது யார் என்று மாணவரைக் கேட்பேன். அவர்கள் எழுதிய விடைகளுக்குப் புள்ளியும் போட்டேன். கிதாமுராவைக் காணும்வரை அந்தக் கேள்வி எனக்குப் பரீட்சைக் கேள்வியாகவே இருந்தது.

அவர் பிறந்த ஊரில் பிள்ளைகள் இல்லாமல் பாடசாலையை மூடிவிட்டார்கள். அங்கே தனியாக வாழ்ந்த அவருடைய தங்கை இறந்தபோது, பல நாட்களுக்குப் பின் தண்ணீர் மானி பார்க்க வந்தவர்தான் கண்டார். அந்நாட்டில் உடலை எரித்தபின் உறவினர் இருவர் சேர்ந்து, ஆளுக்கொரு சோடிக் குச்சிகளால், ஒரே எலும்பை எடுத்துச் சாடியில் வைப்பது வழக்கமாம். இவர் இங்கிருந்து போய் அங்கே தனியே நின்றார். இரண்டாம் ஆளாக நிற்க ஊரில் ஒருவரும் கிடைக்கவில்லை. சுடலைப் பணியாளர்தான் மற்றக் குச்சிகளைப் பிடித்தாராம். இதை அவர் என்னிடம் சொல்லிவிட்டு, தன்னுடைய எலும்புக்கு இரண்டு பணியாளர்கள் வேண்டியிருக்கும் என்று சிரித்தார்.

இது அந்நாட்டுக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைக்க வேண்டாம். என் மகள் துர்க்காவும் மருமகனும் ஸ்ரௌவ்வில்லில் பெரிய வீடு வாங்கியிருக்கிறார்கள். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அவர்கள் என் வயதை அடையும் காலத்தில், குடும்பக் கூட்டங்களில் ஆளில்லாத பக்கத்தில்தான் கூடுதலானவர்கள் இருப்பார்கள். பெற்ற பிள்ளைகளின் தொகையைப் பார்த்து யார் அடித்தார், யார் அடிபட்டார் என்று தீர்மானிக்கும் வழக்கம் இன்று இந்த இல்லத்தில் நிலைத்துவிட்டால், பிறகு அதை யாரால் மாற்ற முடியும்?

5. ஆகையால் பணிவுடன் வேண்டுவது: வெள்ளிக்கிழமை இடமாற்றத்தை நிறுத்துங்கள். என் சாட்சியத்தையும் இராஜேஸ்வரி அம்மாவின் சாட்சியத்தையும் எடுங்கள். உறவற்றவருக்காக அவர் விரும்பும் நண்பர் பேச அனுமதி தாருங்கள். றெமிஜியசைத் தண்டிக்க வேண்டாம். சாப்பாட்டு வேளையில் அவர் அருகில் ஓர் ஆளை நிறுத்துங்கள், அந்தக் கதிரையை வெறுமையாக விடுங்கள்.

புதன்கிழமைக்குப் பிறகு கிதாமுரா ஒரு சொல்லும் பேசவில்லை. முகத்தில் தோல் உரிகிறது. பூட்டிய பிரிவில் அவர் அதிக நாள் இருக்கமாட்டார் என்று அஞ்சுகிறேன். தங்கள் ஒரு தொலைபேசி அழைப்பு போதும், ஐயா.

இடம்: ஸ்காபரோ
திகதி: 17.03.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
க. சச்சிதானந்தன்

திருத்தம்: கையொப்பமிட்ட பின் முழுவதையும் ஒருமுறை வாசித்தேன். இரண்டாம் பகுதியில் வோக்கர் கைதவறி விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. உண்மையைச் சொன்னால் அதையே காரணமாக வைத்து அவரை அனுப்பிவிடுவீர்கள் என்ற பயத்தில் அப்படி எழுதினேன். கிதாமுரா எழுந்து நின்றார். கண்ணிமையிலிருந்து சூப் வடிந்துகொண்டிருந்தது. வோக்கரைத் தலைக்கு மேலே தூக்கி அடித்தார். முதல் அடிக்கு என் கழுத்திலிருந்த பிடி தளரவில்லை. இரண்டாம் முறையும் தூக்கினார். எலும்பு முறிந்தது, எனக்கு மூச்சு வந்தது. அவர் வேண்டுமென்றேதான் அடித்தார், ஐயா.