நூல் தளர்வாக இருந்திருக்கும்

வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேல். சாப்பாட்டைச் சூடு பண்ணிக்கொள்.

நம் வாலுப் பெண்ணின் இரண்டாம் வகுப்பு அறிவியல் நோட்டை மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். காகிதக் கோப்பை டெலிபோன் பாடம். ‘அப்பா பேசியது’, ‘அம்மாவுக்குக் கேட்டது’ என்று இரண்டு கட்டம். இரண்டிலும் ‘ஒண்ணுமில்ல’ என்று எழுதியிருக்கிறாள். கீழே டீச்சர் சிவப்பு மையில், ‘நூல் தளர்வாக இருந்திருக்கும். இழுத்துக் கட்டி மறுபடி செய்யவும்’ என்கிறார்.

நூலில் ஒரு குறையும் இல்லை, நான்தான் கட்டிக் கொடுத்தேன். நாம் பத்து நாளாகப் பேசிக்கொள்ளாதது அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஆறு மணிக்கு வந்துவிடுவேன். ஒரு கோப்பையை நீ பிடித்துக்கொள். என்ன பேசுவதென்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

பி.கு.: கோப்பையில் ‘சாவி கெடச்சுதா?’ன்னு கேக்கறேன். பதில் வேண்டாம். காதில் விழுந்தது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடு.