டயர் சரியில்லை என்று சொன்ன அப்பாவுக்கு

என் அப்பாவுக்கு,

இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். அங்கே தாத்தா பக்கத்தில் இருந்தால் அவரிடமும் வேண்டாம், அவர் எதையும் சத்தம் போட்டுத்தான் படிப்பார். அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அண்ணனுக்குத் தெரியவே கூடாது. மிளகாய் மூடை கிடக்கும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். எலி ஓடினால்கூடத் தாளை மறைத்துக்கொள்கிறேன்.

நம் குட்டி டிராக்டருக்கு டயர் மாற்றலாமா வேண்டாமா என்று காலையில் நான் சொல்ல வேண்டும். அந்த சைஸ் டயர் இப்போது வருவதே இல்லையாம். மதுரையில் ஒரு கடையில் பழைய ஸ்டாக்கில் ஒரு செட் கிடக்கிறது என்று திருத்தங்கல் டயர்க்கடைக்காரர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாளைக்குள் சொல்லாவிட்டால் வேறு யாரோ எடுத்துக்கொள்வார்களாம்.

அண்ணன் மாற்ற வேண்டும் என்கிறான். அம்மா என்னைப் பார்த்தார்கள். "அவுக கூடயே வண்டியில திரிஞ்சவ நீதான். இத்தன வருசமா டயர மாத்தாமயே ஓட்டுனாகளே, என்னமும் காரணம் இருக்கும்ல? உனக்குத் தெரியுமாத்தா?"

தெரியும். ஆனால் நீங்கள் சொல்லக் கூடாது என்றீர்களே அப்பா. காலையில் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கொய்யா இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது. அணில் தின்றது போக நமக்கும் இருக்கிறது. அந்த மரங்களுக்கு இடையில் நுழைய நம் வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. நீங்கள் வண்டியின் அகலத்தைப் பார்த்துத்தானே கன்று ஊன்றினீர்கள்? எஸ்டேட் ஏலத்தில் எடுத்து, லாரியில் அது வந்து இறங்கிய அன்று ஊரே சிரித்ததாம். "என்ன மாப்ள, டிராக்டர் போட்ட குட்டியா?" என்று மாமா கேட்டதை நீங்களே எத்தனை முறை சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள்! அதன் மட்கார்டில் உட்கார்ந்துதான் நான் வாய்ப்பாடு படித்தேன். இப்போது அண்ணன் ஓட்டும்போது நான் ஏறுவதில்லை. அந்தச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிவிடுகிறேன். வருவது நீங்கள் இல்லை என்பது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் வாய்க்கால் மேட்டில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அண்ணன் குதித்துவிட்டான். முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. டயர்க்கடைக்காரர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, உள்ள நூலு தெரியுது. ட்யூப்புல தண்ணி வேற கசியுது. இத வச்சு இன்னொரு நா ஓட்டுனா வண்டி உன் மேலதான் படுக்கும்" என்றார்.

அந்தத் தண்ணீர் எனக்குத் தெரியும். வண்டிக்குப் பாரம் வேண்டும் என்று பின்டயருக்குள் நீங்கள் நிரப்பிய கிணற்றுத் தண்ணீர் அது. வால்வு மேலே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தீர்கள். நான் ஓஸ் குழாயைப் பிடித்துக்கொண்டேன். வெயிலுக்குக் கிணறு வற்றிவிட்டது அப்பா. நீங்கள் இறைத்த தண்ணீர் இனி அந்த டயருக்குள் மட்டும்தான் இருக்கிறது. எல்லோரும் போன பிறகு கசிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். ரப்பர் வாசனை. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

மாற்று என்று சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பயம் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்துக்காக மட்டும் அண்ணன் டயர் கேட்கவில்லை. மாமா போர்மேனாக இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் ரூமுக்கு ரூம் லோடு இழுக்கச் சின்ன வண்டி வேண்டுமாம். பெரிய டிராக்டர் அந்தப் பாதையில் திரும்பாது. தீபாவளி சீசன் முழுக்க வேலை இருக்கிறது என்று மாமா சொல்லியிருக்கிறார். ரோட்டில் போக நல்ல டயர் இருந்தால் போதும். "கொய்யா மரத்தச் சுத்திக்கிட்டே இருந்தா எவன் மதிப்பான்?" என்கிறான் அண்ணன். புது செல்லை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்கிறான்.

போன சீசனில் ஒரு நாள் மத்தியானம் எங்கள் வகுப்பு ஜன்னல் அதிர்ந்தது. டீச்சர் எதுவும் சொல்வதற்கு முன்பே பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டில் அம்மாவோ அப்பாவோ கம்பெனிக்குப் போகிறவர்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பதற்காக எழுந்தவர்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். என் வீட்டில் யாரும் அங்கே இல்லை. என் பக்கத்தில் இருப்பவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை எப்படி இருந்தது என்று உங்களிடம்கூட நான் சொன்னதில்லை.

நீங்கள் இருந்தபோது ஒவ்வொரு சீசனுக்கும் மாமா வந்து வண்டியைக் கேட்பார். நீங்கள் டயரைக் காலால் ஒரு உதை உதைத்து, "மச்சான், இந்த டயர வச்சுக்கிட்டு நான் எப்படி ரோட்டுல வருவேன்? அடுத்த வருசம் பாப்போம்" என்பீர்கள். அவர் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை அவர் தலை மறைந்ததும் நான் கேட்டேன், "அப்பா, மாத்துனாத்தான் என்ன?" நீங்கள் சிரித்தீர்கள். "மாத்திட்டா அவருக்கு என்னத்தச் சொல்லுவேன்? உங்கம்மாட்ட சொல்லிப்புடாதத்தா, வருத்தப்படுவா."

அம்மாவின் உடன்பிறந்தவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அதனால் டயரைச் சொல்ல வைத்தீர்கள். மாமா கெட்டவர் இல்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவர்தான் முன்னால் தோள் கொடுத்தார். அவரிடம் இத்தனை வருடம் நீங்கள் சாக்குச் சொன்னீர்கள் என்று தெரிந்தால் அம்மா தாங்குவார்களா?

வேண்டாம் என்று சொன்னால் அண்ணன் இதே டயரில் வாய்க்கால் மேட்டில் ஏறுவான். மாற்று என்று சொன்னால் கம்பெனி கேட்டுக்குள் போவான். நீங்கள் இருந்தால் எதைச் சொல்வீர்கள்? ரொம்ப நேரம் யோசித்தேன். டயரை நீங்கள் மாற்றாமல் வைத்திருந்தது அவனைப் போன்ற ஒருவன் உயிரோடு வீட்டுக்கு வர வேண்டும் என்றுதானே? அந்த டயராலேயே வண்டி அவன் மேல் சாயுமென்றால் அதை வைத்திருப்பதில் என்ன இருக்கிறது?

அதனால் மாற்றச் சொல்லப் போகிறேன். அந்தத் தண்ணீர் மண்ணில் ஓடட்டும், கொய்யா மரத்து மூட்டில் விடச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதையும் சொல்லிவிடப் போகிறேன் அப்பா. இனி நமக்கு டயர் சாக்கு கிடையாது. மாமா வந்தால் யாராவது வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். அம்மாவால் முடியாவிட்டால் நான் சொல்கிறேன். "மாமா, கோவிச்சுக்காதீக. வண்டி தோட்டத்தத் தாண்டி வராது. அண்ணனும் வரமாட்டான்." இந்த வரியை மூன்று தடவை அடித்து அடித்து எழுதினேன். ஆனாலும் சொல்வேன், இது உங்கள் மேல் சத்தியம். உங்களுக்குக் கோபமா அப்பா? ஒரே ஒரு தடவை கனவில் வந்து

கதவைத் தட்டுகிறான். அண்ணன்தான்.

"ஏட்டி, தூங்கலையா? கதவத் தொற. மாமா போன் போட்டாரு, டயரு மாட்டுன கையோட வண்டிய நேரா கம்பெனிக்குக் கொண்டாரச் சொல்லுதாரு."

காலை வரைக்கும் தாங்காது அப்பா. இப்போதே அவனிடம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள்,
அவன் தங்கச்சி