நிலைப்படி எடுத்த வாசல்

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

சுருளிப்பட்டியிலிருந்து உன் அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு முனீஸ்வரி எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஏதோ இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்தக் கனடா தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கச் சுருளி வேலப்பர் துணை நிற்கட்டும். போன் இருக்க எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போன் எந்நேரமும் உன் அம்மா மடியில் கிடக்கிறது, முனீஸ்வரி போனில் பேசலாமென்றால் நான் பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் இதை எழுதிப் படம் பிடித்து அவள் போனிலிருந்து அனுப்புகிறாள். உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் ஆத்தா.

இந்த வருஷம் ஆடிக் காற்று ஆனியிலேயே வந்துவிட்டது. மலைச் சாரலை அள்ளிக்கொண்டு நேரே நம் மேற்கு வாசலில் மோதுகிறது. உன் அம்மாவைப் பக்கவாதம் சாய்த்த வருஷம் நீ வந்து, சக்கர நாற்காலி வெளியே போக வேண்டுமென்று நிலைப்படியை அறுத்தெடுக்கச் சொல்லி, சிமெண்டில் சரிவும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படி இருந்த இடத்தில் இப்போது கதவுக்கு அடியில் நாலு விரல் சந்து. தண்ணீர், மண், மரவட்டை எல்லாம் அது வழியாகத்தான் வருகிறது. சாக்கை மடித்து அடைத்தேன், விடிந்தால் நாறுகிறது. லாரி டியூபை வெட்டிக் கதவில் ஆணி அடித்தேன், காற்று அதைத் தூக்கிவிட்டு உள்ளே வருகிறது. கதவடியில் மாட்ட நீ அனுப்பிய பிரஷ் பட்டையையும் மாட்டினோம். ஒங்க மக கதவுக்கு மீசை வச்சு அனுப்பியிருக்கா என்று உன் அம்மா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாயிற்று. அந்த மீசை உங்கள் ஊர்ப் பனிக்குச் சரி, இங்கே ஒரு சாரலிலேயே நனைந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு கதவையே திறக்க விடவில்லை. துடைத்துத் துடைத்து எனக்கு அலுத்துப் போயிற்று.

உன்னிடம் சொல்லாத ஒன்று, போன வாரம் அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்துவிட்டேன். உன் அம்மா நாற்காலியிலிருந்து எழவும் முடியாமல் தெருவைப் பார்த்துக் கத்த, தோட்டத்து வேலை முடிந்து வந்த மாயக்காள்தான் ஓடிவந்து தூக்கிவிட்டாள். முழங்கை வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து உன் அம்மாவுக்கு ஒரே பிடிவாதம், பழையபடி நிலைப்படியைப் போட வேண்டும் என்று. எனக்குத் தெரியாமல் தச்சர் இம்மானுவேலுக்குச் சொல்லிவிட்டாள், வெள்ளிக்கிழமை வருகிறார். அறுத்த துண்டு வீட்டில்தான் இருக்கிறது. வீடு கட்டும்போது கம்பத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏற்றி வந்த வேங்கை அது, அன்றைக்கு வழியில் இடது மாடு நொண்டியதுகூட எனக்கு மறக்கவில்லை. உன் அம்மா அதை விறகாக்க விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மடியில் வைக்கச் சொல்லி, அசைகிற ஒரு கையால் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் திரும்பச் சுவரோரம் சாத்தச் சொல்லுவாள்.

முழுப் படி போட்டால் தண்ணீர் வெளியே நிற்கும், நாற்காலி உள்ளே நின்றுவிடும். தூக்கித் தாண்ட ரெண்டு ஆள் வேண்டும், எனக்கு அந்த வலு இல்லை. சாயங்காலம் திராட்சைத் தோட்டத்து ஆட்கள் வேனில் வந்து இறங்கும் நேரம் அவள் நாற்காலியோடு வாசலில் போய் நிற்பாள், எல்லாரும் முன்னே அவளோடு கொடி கவாத்து வெட்டப் போனவர்கள். ஏத்தா ராமுத்தாயி, நாங்க நடந்து சாகுறோம், நீ கார்ல வந்து நிக்கிறியே என்று மாயக்காள் வம்பிழுப்பாள். ஏறிக்கடி, டிரைவருக்கு ஒரு கட்டு பீடி வாங்கிக் குடு போதும் என்று உன் அம்மா என்னைக் கை காட்டுவாள். ஒரு நாளைக்கு அவளுக்கு இருப்பது அவ்வளவுதான். இப்போது, நான் உள்ளேயே இருந்துக்கிறேன், நீங்க விழுந்தா யாரு தூக்குறது என்கிறாள்.

இம்மானுவேலைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அதே வேங்கையை ஒரு விரல் உயரத்துக்கு இழைத்து, இரண்டு பக்கமும் சரிவாக்கிப் பதித்தால் சக்கரம் ஏறி இறங்கும், கதவின் அடியில் ஒரு சட்டம் சேர்த்து ரப்பர் வைத்தால் அதன்மேல் அழுந்தி நிற்கும், கொஞ்சம் கசியும், குளமாக நிற்காது என்றார். ஆனால் அவருக்குச் சங்கடம். அம்மா முழுப்படிங்கிறாக, நீங்க அரைப்படிங்கிறீக, ரெண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வாங்க, பொறவு உளியை எடுக்குறேன் என்றுவிட்டார். அவள் உன் பேச்சைத்தான் கேட்பாள். வெள்ளிக்கு முன்னால் கூப்பிட்டு, உனக்கே தோன்றிய மாதிரி அரைப் படி போதும் என்று சொல்லு. நான் விழுந்தது தெரியுமென்று காட்டிக்கொள்ளாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு. பாப்பாவுக்குத் தலையில் எண்ணெய் வைக்க மறக்காதே. நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போயிற்று, பொட்டு வைத்த மரத்தில் உளி படலாமா என்பாள் உன் அம்மா. இழைத்தாலும் மஞ்சள் பிடிக்கும் என்று சொல்லு. தரை மட்டத்துக்குக் குனிய அவளால் ஆகாது, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அப்பா பூசுவார் என்றும் சொல்லு. ஆம்பளை பூசலாமா என்று கேட்பாள். கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
அம்மாவாசி (கைரேகை)