பிறின்சிக்குப் பக்கத்தில் ஆர் இருக்கிறது

சிலாவத்தை,
01.07.2025

மரியாதைக்குரிய கமலாசனி ரீச்சருக்கு,

பிறின்சியின்ர அம்மப்பா மரியநேசன் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு அனோஜா எங்கட பிள்ளையின்ர முன்பள்ளிக் கொப்பியில எழுதுறா. முழங்கால் நோவைத் தவிர எனக்கொரு குறையுமில்லை. நீங்களும் சுகமாயிருக்க வேணும்.

ரீச்சர், பிள்ளையளுக்குச் சினேகிதம், இரக்கம் எல்லாம் பழக்குறீங்கள். நல்லது. ஆனா என்ர பேத்தி பழகினது காணும். போன திங்கள் பொரிச்ச பாரை மீன் ரெண்டு துண்டு வைச்சுவிட்டனான், ஒண்டு பக்கத்தில இருக்கிற சாரங்காவுக்குப் போச்சு. செவ்வாய் சூடை மீன் மூண்டு, ரெண்டு சாரங்காவுக்கு. புதன் அவிச்ச முட்டை, அதிலயும் பாதி. எழுத்துத் தெரியாதெண்டாலும் எனக்கு ஒண்டும் மறக்காது.

அதோட விட்டாலும் பரவாயில்லை. இப்ப சாரங்காவின்ர அப்பப்பா ஏரம்பு ரெண்டு பேரையும் தன்ர சைக்கிளில ஏத்திக்கொண்டு போறார். நான் குடையோட முன்பள்ளி வாசல் படலையில நிண்டால், "நீங்கள் மெல்ல நடந்து வாங்கோ அம்மப்பா" எண்டு கை காட்டிப் போட்டுப் போறாள்.

தாய் ஆன்சலா வவுனியாவில கார்மென்ற்சில. பால்மா கரைச்சு வளத்தது நான், ஏரம்பு இல்லை. பிறின்சியை வேற இடத்தில இருத்துங்கோ.

மரியநேசன்
(பெருவிரல் அடையாளம்)

02.07.2025

அன்புள்ள ஐயாவுக்கு,

வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளையின் பெட்டியைப் பார்க்க வேண்டும், குறைவாக இருந்தால் கேட்க முதல் கொடுக்க வேண்டும். இந்த மாதம் நான் பழக்குவது அதுதான். முதலில் கொடுத்தது பிறின்சி. "ஆரம்மா சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "கரைவலை இழுக்கேக்க கயிற்றில கை வைச்ச எல்லாருக்கும் அம்மப்பா கறிக்கு மீன் குடுக்கிறவராம்" என்றாள்.

பிறகு எப்படி ஐயா நான் இடம் மாற்றுவது?

அன்புடன்,
கமலாசனி

09.07.2025

ஐயா,

திங்கட்கிழமை பிறின்சி சாரங்காவிடம், "நீ என்ர மீனுக்குத்தானே சினேகிதம்?" என்று கேட்டாள். நாலு வயதுப் பிள்ளைக்குத் தானாக வரும் கதை இல்லை அது. சாரங்கா தன் பெட்டியை மூடிவிட்டாள். நேற்றும் இன்றும் அவள் வரவில்லை.

பிறின்சி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்து சாப்பிடுகிறாள். கிட்டப் போகிற பிள்ளைகளை எல்லாம், "மீனுக்கோ வந்தனீங்கள்?" என்கிறாள். நீங்கள் கேட்டபடி அவளுக்குப் பக்கத்தில் இப்போது ஒருவரும் இல்லை.

கமலாசனி

12.07.2025

ரீச்சருக்கு,

அந்தக் கதை என்ர வாயில இருந்து வந்ததுதான். ஞாயிறு பூசை முடிஞ்சு வரேக்க சொன்னனான். ஐம்பது வருசம் கரைவலையில நிண்டும், கயிற்றைப் பிடிச்ச ஒருத்தரையும் ஏன் வந்தனீங்கள் எண்டு நான் கேட்டதில்லை. இந்தச் சின்னனைக் கேக்க வைச்சிட்டன்.

இண்டைக்குக் காலமை பிறின்சியையும் கூட்டிக்கொண்டு ஏரம்பண்ணை வீட்டை போனனான். சாரங்கா கதவுக்குப் பின்னால ஒளிச்சிட்டாள்.

"பிள்ளை, அது பிறின்சியின்ர கதை இல்லை. நான்தான் சொல்லிக் குடுத்தனான். உங்கள் ரெண்டு பேரிலயும் எனக்கு எரிச்சல்" எண்டன்.

அவள் தலையை மட்டும் நீட்டி, "ஏன் தாத்தா, உங்களுக்குச் சினேகிதர் ஒருத்தரும் இல்லையோ?" எண்டு கேட்டாள்.

என்னோட வலை இழுத்த ஏழு பேரின்ர பேரும் வரிசையா நினைவில வந்துது. ஒருத்தரும் இப்ப இல்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு நிண்டன்.

ஏரம்பண்ணை உள்ளுக்குப் போய்க் கதிரை ஒண்டு கொண்டுவந்து போட்டார். "முழங்கால் நோவோட ஏன் நிக்கிறியள்? இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" எண்டார்.

பிள்ளையள் ரெண்டும் முத்தத்துக்கு ஓடிட்டுதுகள். பிறின்சி என்னைத் திரும்பியும் பாக்கேல்லை. அப்பவும் எரிச்சல் வந்ததுதான் ரீச்சர், உங்களிட்டப் பொய் சொல்லி என்ன.

தேத்தண்ணி முடிஞ்ச பிறகும் இருந்தனான்.

மரியநேசன்
(பெருவிரல் அடையாளம்)