கையுறை டப்பாவில் இரண்டு ஸ்பிரே

ஜூன் 3, செவ்வாய்
வலிப்பு வந்தால் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே ஸ்டோரில் தீர்ந்துவிட்டது. ஸ்டோர் இன்சார்ஜ் கிருஷ்ணசாமி சார் பதிலுக்கு ஊசி மருந்து கொடுத்தார். "வர்ற வரைக்கும் இத வச்சி ஓட்டும்மா" என்றார். ஓட்டலாம்தான். ஆனால் வெட்டி வெட்டி இழுக்கிற குழந்தையின் கையில் எந்த நரம்பைத் தேடுவது?

வண்டிகளில் மிச்சமிருக்கும் ஸ்பிரேயைக் கொடுத்தால் எல்லா ஆம்புலன்ஸுக்கும் பிரித்துத் தருவாராம். என் வண்டியில் இரண்டு இருந்தன. கையுறை டப்பாவின் அடியில் தள்ளிவிட்டு, இல்லை என்றேன். தட்டுப்பாடு என்றால் யார்தான் பதுக்கவில்லை? என் வண்டிக்கு நான்தானே பொறுப்பு.

ஜூன் 5
உப்பளம் ஏரியா ஆம்புலன்ஸில் இருக்கிற முகிலன் போன் செய்தான். "அக்கா, ஸ்பிரே ஒண்ணு இருந்தா குடேன். வந்ததும் தந்துடுறேன்." இல்லடா என்றேன். வாய் கூசவில்லை.

ஜூன் 6
வெயில். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கே நாலு நடை. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 9
நோணாங்குப்பத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை. காய்ச்சல், வலிப்பு. போனது முகிலன் வண்டி. கொழுகொழு கை, நரம்பு பிடிபடவில்லை. இரண்டு கையிலும் குத்திப் பார்த்திருக்கிறான், காலிலும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

என் கேஸை இறக்கிவிட்டு வெளியே வந்தேன். முகிலன் படியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என் கைதான்க்கா சரியில்ல."

டீ வாங்கிக் கொடுத்தேன். அடிப்பாவி, டீயா குடுக்கணும் அவனுக்கு? என் வண்டி அங்கேயேதான் நின்றது, ரெண்டும் உள்ளேதான் இருந்துச்சு—

ஜூன் 10
தூக்கமில்லை.

ஜூன் 13
குழந்தை கண் விழித்துவிட்டது. வலது கையை மட்டும் இன்னும் தூக்க வரவில்லையாம். சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். ஆகணும்.

ஜூன் 14
சொல்லிவிட்டேன். இரண்டையும் கிருஷ்ணசாமி சார் மேசையில் வைத்தேன். முகிலனும் அங்கே இருந்தான். "உன் கை சரியாத்தான்டா இருந்துச்சு. இது எங்கிட்ட இருந்துச்சு."

சார் கத்தினார், மெமோ என்றார். அது காதில் விழவே இல்லை. முகிலன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனும் திட்டியிருக்கலாம்.

ஜூன் 27
ஸ்பிரே வந்தது. பாதி வண்டிகளுக்குத்தான் வரும். உப்பளத்துக்கு இரண்டு, என் வண்டிக்கு இல்லை. நான் கேட்கவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

மருந்துப் பெட்டியை மூடப் போகும்போது முகிலன் வந்தான். தன்னுடையதில் ஒன்றை எடுத்து என் பெட்டியில் வைத்தான்.

"வச்சிக்குங்க மேடம். கொழந்த கேஸ் வந்தா வேணும்."

அக்கா என்று கூப்பிட்டிருந்தாலாவது அழுதிருப்பேன்.