உப்பில்லாச் சாப்பாடு

அட்டன்
14.7.1963

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம்தான் கடிதம் போட்டேன். மறுபடியும் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் அம்மாவும் சுகம்தானே? இறம்பொடையில் மழை விட்டதா?

முகம் வீங்குகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? டாக்டரிடம் காட்டினேன். சிறுநீரகம், நம் தோட்டத்து லயத்து வீடுகளில் குண்டிக்காய் என்பார்களே, அது பழுதாகிவிட்டதாம். போனது திரும்பாதாம். உப்பையும் கருவாட்டையும் விட்டு, பருப்பைக் குறைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார். நீங்கள் பயப்பட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. நான் உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பார்த்த வீட்டுக்கார மீனம்மாக்கா, கல்யாணம் கூடிவர அம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "மாரியாத்தா கண்ணத் தொறந்துருவா டீச்சர். மாப்பிள்ளைக்கு எந்தத் தோட்டம்?" என்றார். சிரித்து வைத்தேன். இப்போது பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண்களெல்லாம், "வெரதம் எப்ப முடியுது?" என்று கேட்கிறார்கள். பட்டம் வாங்கிய எனக்கு, இது முடியாத விரதம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் எலுமிச்சங்காய் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். அண்ணனின் பழைய செருப்பு இருந்தால் அதையும். என்னுடையதில் கால் நுழையவில்லை. காலையில் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டேன்.

தபாலுக்கு நேரமாகிறது.

உங்கள் மகள்,
தெய்வானை

அப்பா, கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் அம்மாவுக்கு அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நேரம் கேட்கவில்லை. தனியாகப் படுக்கப் பயமாக இருக்கிறது. ஒரு வாரத்துக்கு அம்மாவை அனுப்புங்கள்.