நெற்றியில் கொழுக்கட்டை

நவம்பர் 4, திங்கள்

மழை. போர்ட் கிள்ளான் சாலையில் தண்ணீர், லோரிகள் நகரவில்லை. அதனால் நான் சமைக்கும் கேன்டீனில் நல்ல கூட்டம். சாம்பார் பானை காலி. தீபாவளிக்கு முன் பிடித்த சளி இன்னும் போகவில்லை. மிளகாய்ச் சம்பல் அடிப்பிடித்தது என் மூக்குக்குத் தெரியவே இல்லை.

லோரி ஓட்டும் முருகையா வாயில் வைத்துவிட்டு, "செல்விக்கா, இது சம்பலா, தாரா? ரோடு போடலாம் லா."

"போட்டுக்கோ. நீ ஓட்டுற லட்சணத்துக்கு ரோடாவது நல்லா இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

வாங்க: சுக்கு, பல்பு, வாளி.

நெற்றியில் இடி மாதிரி வலி. சுக்கு அரைத்துப் பத்து போட்டுப் படுக்க வேண்டும்.

நவம்பர் 6, புதன்

வெயில். புருவத்துக்கு மேல் வீக்கம். அமுக்கினால் இடியாப்ப மாவு மாதிரிக் குழிகிறது. பத்து தலைநீரை இழுக்கும்போது வீங்கத்தான் செய்யும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மருந்து வேலை செய்கிறது. இன்னும் கனமாகப் போட்டேன்.

பத்தோடுதான் வேலைக்கும் போனேன். "என்னக்கா, ரெண்டாவது தலை முளைக்குதா?" முருகையாதான். "ஆமா, உனக்கு ஒண்ணுகூட இல்லியேன்னு வளக்குறேன்."

பி.ப. வீடு. டிவி போட்டேன். சத்தம் தலைக்குள் குத்தியது, அணைத்தேன். பிறகு ஃபேன் சத்தம் மட்டும்.

தம்பி குமாருக்கு வீக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பிரிக்பீல்ட்ஸில் பிளாட், பெண்டாட்டி, பிள்ளைகள், அவனுக்கு ஆயிரம் வேலை. இருந்தாலும் உடனே பதில்: "கொழுக்கட்டைய நெத்தியில ஒட்டிட்டியா? இந்தத் தடவ ஏமாற மாட்டேன்." கூடவே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள். போன தடவை எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று போன் போட்டு, அவன் முதலாளியிடம் லீவு கேட்கும்வரை விட்டேன். அருமையான சிரிப்பு அது.

நானும் ஒரு சிரிக்கும் மூஞ்சி அனுப்பினேன். வேறு எதை அனுப்ப.

நவம்பர் 8, வெள்ளி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதுவது. விடியும்போது காய்ச்சல், வாந்தி, இடது கண் இமை வீங்கி மூடிவிட்டது. கிராப் டாக்சி பிடித்து நானே வந்தேன். ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் சின்னப் பெண், தமிழ். "ஆன்டி, சைனஸ்ல சேந்த சீழு நெத்தி எலும்ப அரிச்சிட்டு வெளிய வந்திருக்கு. உள்பக்கமும் கொஞ்சம் இருக்கு, மூளைய ஒட்டி. ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி ஆகும்."

"அப்ப மூளை இருக்குன்னு ஸ்கேன்ல தெரியுது? எழுதிக் குடுங்கம்மா, தம்பிகிட்டக் காட்டணும்."

அவள் சிரிக்கவில்லை. நாளைக்கே ஆபரேஷன் என்றாள். தள்ளிப்போட்டால் கண் போகலாம், உயிரும் போகலாம்.

செய்யப்போவது:
- மூக்கு வழியாகக் கேமரா விட்டு அடைப்பைத் திறப்பது
- முடி ஓரமாக வெட்டி நெற்றிச் சீழையும் கெட்ட எலும்பையும் எடுப்பது
- உள்ளே இருப்பதை வடிப்பது
- பிறகு வாரக்கணக்கில் ஊசி

பத்து போட்டதைச் சொன்னேன். "அது நீர் இறங்குற வீக்கம் இல்ல ஆன்டி. சீழு ஏறுற வீக்கம்." நான் அதன் மேல் சுக்குப் பூசி அழகு பார்த்திருக்கிறேன்.

மலாய் நர்ஸ் வந்து வாரிஸ் யார் என்றாள். சொந்தக்காரர் ஒருவர் பெயர் வேண்டுமாம். தம்பி நம்பர் கொடுத்தேன். என் முன்னாலேயே கூப்பிட்டாள். அவன் மலாயில் சிரித்துச் சிரித்துப் பேசுவது எனக்கும் கேட்டது: அக்காவிடம் சொல்லுங்கள், இந்தத் தடவை நடிக்க ஆள் பிடித்திருக்கிறாள், நர்ஸ் குரல் அப்படியே இருக்கிறது. வைத்துவிட்டான்.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பக்கத்துக் கட்டிலில் பந்திங்கிலிருந்து வந்த அம்மா. காதில் ஆபரேஷன். அவரைச் சுற்றி மகள், மருமகன், சம்பந்தி, டிபன் கேரியர். எனக்கும் இட்லி வந்தது.

"ஒங்களுக்கு யாரும் வரலியாம்மா?"

"எங்க ஆளுங்க எல்லாம் மந்திரி மாதிரி. போலீஸ் இல்லாம வெளிய வரமாட்டாங்க."

சிரித்தார்கள். போகும்போது சம்பந்தியம்மா மட்டும் என் போர்வையை இழுத்துவிட்டுப் போனார். அது ஏனோ தாங்க முடியவில்லை.

நவம்பர் 9, சனி

மேகமூட்டம். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

தம்பிக்கு நானே போன் போட்டேன். சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

"என்னா, நடிகை அக்கா! ஆபரேஷன் முடிஞ்சிருச்சா?"

வாயைத் திறந்தேன். வரவில்லை. கேலிகூட வரவில்லை.

"அக்கா?"

மூச்சு மட்டும்.

"அக்கா, ஏதாச்சும் சொல்லு லா. திட்டவாவது செய்யி."

பின்னால் அவன் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம். "டேய், சும்மா இருங்கடா!"

"நெஜமாவா?" குரல் மாறிவிட்டது. "எந்த ஆஸ்பத்திரி? அக்கா, எந்த வார்டு?"

பந்திங் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிச் சொன்னார்.

அவன் ரயில் பிடித்துக் கிள்ளான் வந்து சேர நேரமாகும். தள்ளுகட்டில் வந்துவிட்டது. தோட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். பந்திங் அம்மாவிடம்தான் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 11, திங்கள்

மழை. எழுத்து கோணல். தலையில் கட்டு, கையில் மருந்துக் குழாய். மூக்கில் பஞ்சு, வாயால்தான் மூச்சு. இரண்டு கண்ணும் தெரிகிறது.

தம்பி வந்தான். முந்தாநாள் ஆபரேஷன் கதவு மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தானாம். நேற்றும் வந்தானாம், எனக்கு நினைவில்லை. நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏன்க்கா சொல்லல?"

"சொன்னேன்."

கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான், வாயைப் பிளந்துகொண்டு. பார்க்கச் சிரிப்பு வருகிறது. நல்ல கேலி ஒன்று தயார்.

வேண்டாம். எழுப்பினால் கிளம்பிவிடுவான்.